உதறல்

சூடான் டாக்டர் அரபியில் கேட்கிறார்.
பிரின்சி சிஸ்டர் பாதி மலையாளத்தில் கேட்கிறாள்:
கப்பலில் வேலை செய்தீர்களா?
இல்லை.
குழாய், கொதிகலன், கூரை?
இல்லை, இல்லை.
பீடி?
ஒரே ஒருமுறை, ஆறுமுகநேரியில். இருமிவிட்டு எறிந்தேன்.

பிறகு எங்கே தொட்டீர்கள் ஆஸ்பெஸ்டாஸை?

முஹர்ரக்கில், மீன் சந்தைக்குப் பின்னால்
எண்பத்தொன்றில் எனக்கொரு சலவைக்கடை.
வியாழன் இரவுகளில் வருவார்கள்
கப்பல் பட்டறைக்காரர்கள்
நீல உடுப்புகளை மூட்டையாய்ச் சுமந்து.
உருப்படிக்கு நூறு பில்ஸ்.

தஸ்தகீரின் உடுப்பு மட்டும் நீலமாய் இராது.
எஞ்சின் அறைக் குழாய்களுக்குப்
பஞ்சு மாதிரி ஏதோ சுற்றுகிறவர்.
பழையதைப் பிய்த்தால் பனி கொட்டும் என்பார்.
பனியே பார்த்திராத இரண்டு பேரும் சிரிப்போம்.

நனைக்கும் முன் உதற வேண்டும்,
அதுதான் தொழில்.
கதவைத் திறந்தால் அனல். உள்ளேயே உதறுவேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு
தரையிறங்க மனமில்லாமல் நிற்கும் அது.
அந்த அறையில்தான் சோறு, தூக்கம்,
ஊரிலிருந்து வந்த கேசட்டில் மனைவியின் குரல்.

கல்லில் நார் உரிக்க முடியாது என்பார்கள்.
யாரோ உரித்திருக்கிறார்கள்.
கல்நார் என்றே பெயரும் வைத்துவிட்டார்கள்.
நெருப்பு தின்னாத நார்,
சோப்புக்குக் கரையாத நார்.

நுரையீரலுக்கு ஓர் உறை உண்டாம்,
தலையணை உறை போல, அதைவிட மெலிதாக.
தைத்தவன் மறந்துவிட்ட ஊசியாய்
அதற்குள் நாற்பது வருடம் இருந்திருக்கிறது.

மீசோதீலியோமா.
இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.
என் சலவைச் சீட்டில் எழுத இடம் போதாது.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார்.
வலது பக்கம் முழுக்க வெள்ளை.
வெள்ளையைப் பார்த்து நான் பயந்தது இதுவே முதல்.

படிவத்தில் கம்பெனி பெயருக்கு ஒரு கட்டம்.
அவர்களுடைய எந்தப் பேரேட்டிலும் நான் இல்லை.
அவர்களுடைய தூசிக்கு
என் முகவரி தெரிந்திருந்தது.

தஸ்தகீருக்கு எண்பது. கீழக்கரையில் மாடியேறி
இன்னும் புறாவுக்குத் தீனி போடுகிறார்.
ஓர் உருப்படிக்கு நூறு பில்ஸ் பாக்கி என்று
இத்தனை வருடமாய்ச் சொல்லிச் சிரிக்கிறவர்.
நேற்றுப் போனில் கேட்டார்,
என்ன லூர்து, மூச்சு வாங்குது?
ஏசிக் காற்று, என்றேன்.

பிரின்சி ஆஸ்பத்திரி அங்கியை நீட்டுகிறாள்,
நன்றாக மடித்தது.
வாங்கி, விரித்து, இரண்டு கையாலும்
ஓங்கிவிட்டேன்.

பிறகு மெல்ல
மடியில் வைத்துக்கொண்டேன்.