எண்பத்தொரு சதவீதம்

சொர்ணசிங் முதலில் காட்டியது காரை அல்ல,
ஒரு காகிதத்தை.
பேட்டரி ஆரோக்கியம் எண்பத்தொரு சதவீதம்.
"வேற யாரு மேடம் கேக்காமலே இதைக் காட்டுவா?"
சமாதானபுரத்து வெயிலில்
அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது.

நான் ஹைகிரவுண்டில் எக்கோ எடுப்பவள்.
நாளைக்கு இருபது நெஞ்சு.
இதயம் எத்தனை சதவீதம் தள்ளுகிறதென்று
தட்டச்சு செய்து டாக்டர் மேசைக்கு அனுப்புவேன்.
அறுபது வாங்கிப் போனவர்
மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்.
முப்பத்தைந்துக்காரர் ஒருவர்
மேலச்செவலில் இன்னும் வயலுக்குத் தண்ணீர் திருப்புகிறார்.
அதனால் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்:

வீட்டுச் சார்ஜா, ஹைவே வேகச் சார்ஜா?
நூறு வரை ஏற்றி வெயிலில் விடுவீர்களா?
வாரண்டி என் பெயருக்கு மாறுமா?
வெள்ளம் வந்த அந்த மார்கழியில்
வண்டி எங்கே நின்றது?

கடைசிக் கேள்விக்கு மட்டும் செருப்பைப் பார்த்தார்.
"நம்ம வீடு மேடாக்கும்."

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன்.
சேற்றுக் கோடு இல்லை.
கால்மிதியைத் தூக்கி முகர்ந்தேன்.
பழைய முறுக்கு வாசனை.

பணகுடி வரை ஓட்டிப் பார்த்தோம்.
நாங்குநேரி தாண்டியதும் ஆனிக் காற்று.
இரண்டு பக்கமும் காற்றாலைகள்
அதிலிருந்து கரண்டு கறந்துகொண்டிருக்க
எதிரே வந்த அதே காற்று
என் வண்டியிலிருந்து கறந்துகொண்டிருந்தது.
போகும்போது தின்றதில் பாதியைத்
திரும்பும்போது முதுகில் தள்ளித் தந்தது.
மீதியை யாரிடம் கேட்பது?

டயர் நாலும் வழுக்கை.
கனத்த வண்டி ரப்பரைத் தின்னும்.
அதைச் சொல்லியே ஆறு நாற்பதை
ஐந்து தொண்ணூறுக்கு இறக்கினேன்.

நான்காம் மாதம், ஒரு திங்கள் காலை,
கதவே திறக்கவில்லை.
ராத்திரி பார்க்கும்போது தொண்ணூற்றிரண்டு.
மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பிச்சை
ஒரு மஞ்சள் பையோடு வந்தார்,
பானெட்டுக்குள் தலையை விட்டார்.
"பெரிய பேட்டரிக்கு ஒண்ணுமில்ல.
எழுப்பி விடுத சின்ன பேட்டரி செத்துட்டு.
யானை தின்னுட்டு நிக்கி, பாகனைக் காணோம்,
அவ்ளோதான்."
ஐயாயிரத்து இருநூறு.
சொர்ணசிங்கின் காகிதத்தில் பாகன் இல்லை.

டைரியின் கடைசிப் பக்கத்தில் கணக்கு வைத்திருக்கிறேன்.
சர்வீஸ் மூவாயிரத்து நூறு.
முன் டயர் இரண்டு, பதின்மூன்றாயிரத்து எண்ணூறு.
ஏசிக்கு ஒரு ஃபில்டர்.
ஐந்நூறு யூனிட் தாண்டியதும்
வேறு பாஷை பேசும் மின்வாரிய பில்.
பிரேக் கட்டை மட்டும்
பொங்கலுக்கு எடுத்த சட்டைபோல மடிப்புக் கலையாமல்.
வாங்காத பெட்ரோலை வரவில் எழுதச் சொல்கிறாள் தங்கை கோமு.
வாங்காத வளையலையும் எழுதவா என்றேன்.
இரண்டு நாள் பேசவில்லை.

போன வாரம் பதினான்காவது நெஞ்சாக
சொர்ணசிங் வந்தார்.
சட்டையைக் கழற்றி
இடப்பக்கம் சாய்ந்து படுத்தவர்
சுவரைப் பார்த்தபடி கேட்டார்:
"வண்டி எப்படி இருக்கு?"
ஓடுது என்றேன்.
ஜெல் குளிர்ந்திருக்க வேண்டும், சிலிர்த்தார்.
விலா எலும்புகளுக்கிடையே கருவியை வைத்தேன்.
திரையில் ஒரு வால்வு
திறந்து மூடித் திறந்தது.
கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் மட்டும்.

"அந்த வெள்ளத்துல, மேடம்...
பாதி டயர் வரைக்கும் வந்துச்சு.
ஒரு ராத்திரிதான்."

படத்தை நிறுத்தினேன்.
அளவுகோலின் ஒரு முனையை வைத்தேன்,
மறுமுனையைத் தேடினேன்.

பேசாதீங்க அண்ணாச்சி, என்றேன்,
படம் ஆடுது.