அளவு: பூஜ்யம்

கழுத்து வெட்டிய தண்ணீர் பாட்டில், பள்ளிக்கூட ஸ்கேல்,
சாயாமலிருக்க இரண்டு செங்கல்.
கொளத்தூர் மொட்டைமாடியில்
இதுதான் என் வானிலை நிலையம்.

ஆறரைக்கு அளந்து ஏழுக்குள் மின்னஞ்சல்.
முதல் வாரம் வாசகர் மூவர்:
நான், என் இன்னொரு முகவரி,
அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி தில்ஷாத்.

ஐப்பசியில் நானூற்றுப் பன்னிரண்டு.
ரெட்டேரி மாதிரி
ராத்திரியோடு ராத்திரியாக ஏறியது.
தலைப்பில் 'எச்சரிக்கை' என்று போடு,
இன்னும் நிறைய பேர் திறப்பார்கள் என்றாள் தில்ஷாத்.
போட்டேன்.
அன்று பெய்தது நாலு மில்லிமீட்டர்.
அறுபது பேர் விலகினார்கள்.
ஒருவர் மட்டும் காரணம் எழுதினார்:
"காயாத துணியை எல்லாம் உள்ளே எடுத்துவிட்டேன்."

தையில் வானம் துடைத்துவிட்டது.
பூஜ்யம் என்று எத்தனை நாள்தான் எழுதுவது?
மெட்ரோ தோண்டிய புழுதி
ஸ்கேலில் இரண்டு கோடு ஏறியதை எழுதினேன்.
காகம் எட்டிப் பார்த்து ஏமாந்ததை எழுதினேன்.
நூற்றுப் பதினேழு. தொண்ணூறு.
முப்பத்தெட்டு.

மாசியில் காய்ச்சல். இரண்டு நாள் மாடி ஏறவில்லை.
மூன்றாம் நாள் மாத்தூரிலிருந்து ஒரு பதில்,
இதுவரை ஒரு வரி போடாத
செங்கமலவல்லி:
"இன்றைக்கும் பூஜ்யம்தான், தெரியும்.
இருந்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.
அடுப்பில் பால் வைத்துவிட்டுப் படிப்பது பழகிவிட்டது."

போர்வையோடு படியேறினேன்.
பாட்டிலுக்குள் பனி,
முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை.
குனிந்து விரல் விட்டுப் பார்த்தேன்.

தலைப்பு: பூஜ்யம் இல்லை, ஈரம்.
ஏழாக இன்னும் நாலு நிமிஷம்.
பால் பொங்குவதற்குள்
போய்ச் சேர வேண்டும்.