காலுக்குப் போன இலை

பிசான நடவு, பத்தொன்பதாம் நாள்.
விரலிடுக்கு வெளுத்து
ஊறின உளுந்துத் தோலாய் உரிகிறது.
ராத்திரியெல்லாம் அரிப்பு.
கட்டில் சட்டத்தில் தேய்த்துத் தேய்த்து
மரமே மினுங்குகிறது.

சேரன்மகாதேவி ஆஸ்பத்திரியில் தந்த களிம்பு
கட்டைவிரல் நீளம்.
இரண்டு பேருக்கு நாலு கால், பதினாறு இடுக்கு.
செவ்வாயோடு தீர்ந்தது.
"ஈரம் படாமப் பாத்துக்கோங்க" என்றாள் நர்ஸ்.
கன்னடியன் கால்வாயிடம் யார் சொல்வது?

வேலியோரம் நிற்கிறது மருதாணி,
முள்ளும் முறுக்குமாய், யாரும் தண்ணீர் ஊற்றாமல்.
இரண்டு பிடி உருவி
விரலி மஞ்சள் ஒரு துண்டு தட்டிப்போட்டு
மையாய் அரைத்தேன்.
என் காலில் அப்பினதும் முதலில் சுள்ளென்றது.
பிறகு மண்பானைத் தண்ணீர் மாதிரி
ஒரு குளிர்ச்சி முழங்கால்வரை.

பலவேசம் காலை இழுத்துக்கொண்டார்.
"ஏட்டி, நான் என்ன கல்யாணப் பொண்ணா?
டீக்கடையில ஒரு மாசம் பேசுவானுவ."
சரி என்று விட்டேன்.
குறட்டை பிடித்ததும்
கணுக்கால்வரை அப்பி
வேட்டிக் கிழிசலால் கட்டினேன்.

விடிந்தால் செங்கல் சிவப்பு.
ஒரு வசவு. இன்னொரு வசவு.
பிறகு விரலை விரித்துப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
வேகவேகமாய்ப் போய்ச் சேற்றில் இறங்கினவர்
யார் கூப்பிட்டும் வரப்பேறவில்லை.
சேறு எத்தனை நேரம் மறைக்கும்?
மதியம் வாய்க்காலில் கழுவும்போது
பூலுடையார் பார்த்துவிட்டான்.

சிரிக்கத்தான் செய்தான்.
சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று,
"மதினி, கொஞ்சம் இலை... மாட்டுக்கு."
மாட்டுக்காம்!
மறுநாள் டிராக்டர் ஓட்டுகிற மாசானம்.
அப்புறம் கங்கணாங்குளத்திலிருந்து இரண்டு பேர்,
பேர்கூடத் தெரியாது.
"ஒடிக்காதீங்க, உருவுங்க" என்று
கத்தியே தொண்டை போனது எனக்கு.

தீபாவளிக்கு முந்தின நாள்
ஆவுடை வெறுங் கூடையோடு திரும்பி வந்தாள்.
"இலையே இல்லம்மா, குச்சிதான் நிக்கி.
ஊருக்குள்ள செவந்து கெடக்கதெல்லாம்
ஆம்பளையாளுவ காலு."

அம்மியில் ஒட்டிக் காய்ந்திருந்ததை
நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு வழித்தேன்.
ஒரு சுண்டுவிரலுக்குத்தான் காணும்.

நீட்டினாள்,
முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.