முட்டிக்கு வாடகை

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஹாபிஸ் பண்டல் கடை வைத்திருக்கிறான்.
ஜப்பானில் கழற்றிப் போட்டதெல்லாம்
நூறு கிலோ மூட்டையாக வந்து விழும்.
அன்று அவன் காட்டியது மூட்டையில் வந்ததல்ல.
புத்தம் புதுசு. தரையில் வைத்தால் தானாக நின்றது,
ஆளில்லாத கால்சட்டை, தகரம் மாதிரி.

"ஒரு வருஷம் போட்டுக்கோ, பரம்.
மாசம் நூற்றைம்பது வெள்ளி.
துவைக்க மட்டும் கூடாது."

பைத்தியம் என்று நினைத்தேன்.
செம்பனைக் காட்டில் ஒரு நாள் போட்ட சட்டையையே
இந்திராணி குச்சியால் தூக்கித்தான் வாளியில் போடுவாள்.

கால் மடிப்பைத் திருப்பிக் காட்டினான்:
ஓரத்தில், எறும்பு போனதுபோல் ஒரு சிவப்பு நூல்.
நாடா இங்கும் அங்கும் ஓடி
விளிம்பைத் தானே கட்டிக்கொள்ளும் பழைய தறி.
கொஜிமா என்றான். கடலோர ஊராம்.
கடலைத் தூர்த்த மண்ணில் உப்பு; நெல் நிற்காதாம்,
பருத்தி நின்றதாம்.
கச்சை நாடா நெய்தார்களாம், காலுறை தைத்தார்களாம்,
பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை.
சண்டையில் தோற்ற பிறகு
ஜெயித்த சிப்பாய்களின் பழைய கால்சட்டை
அவர்கள் சந்தையில் மூட்டையாக வந்து விழுந்ததாம்.
தையல் தையலாகப் பிரித்துப் பார்த்து
ஊசி உடைய உடையத் தைத்தார்களாம்.

சண்டை என்றதும் எனக்கு வேறொன்று வந்தது.
ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் லயத்தில்
கோணிச் சாக்கில் மூன்று ஓட்டை போட்டு
தலையையும் கைகளையும் நுழைத்துக்கொண்டார்களாம்.
சயாமுக்கு ரயில் போடப் போன என் அப்பாவின் அப்பா
எதை உடுத்திச் செத்தார் என்று சொல்ல
அந்த லோரியிலிருந்து யாரும் திரும்பவில்லை.
ஹாபிஸிடம் இதைச் சொல்லவில்லை.
மாசம் நூற்றைம்பது.

முதல் வாரம் தொடை உரிந்தது.
தொடை நீலம், ஜட்டி நீலம், மோட்டார் சைக்கிள் சீட்டு நீலம்.
வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம்தான்
அதுவரை நான் அறிந்த நீலம்.
நடந்தால் கதவு நடப்பதுபோல் சத்தம்.
"ஜப்பான் தொரை வாறாரு" என்றார் மண்டோர்.
வங்காளதேசத்து ஷோஹாக் போட்டோ எடுத்து
ஊருக்கு அனுப்பினான்.

மூன்றாம் மாதம் அது என் வளைவுக்கு வளைந்தது.
அரிவாள் கம்பு சாயும் வலத்தொடையில் ஒரு கீற்று.
உதிரிப் பழம் பொறுக்கக் குந்தும் முட்டிகளில்
ஆளுக்கொரு பிறை.
இந்திராணி அதை வீட்டுக்குள் விடவில்லை;
வெளிக்கொடியில், நாய்க்கு எட்டாத உயரத்தில்.
அடைமழையில் நனைந்த அன்று பயந்துபோய்ப் போன் போட்டேன்.
மழை துவைப்பதாகாது என்றான் ஹாபிஸ்.
சாயம் நூலின் தோலில்தான்,
உள்ளே வெள்ளை; தேய்ந்தால் வெளியே வரும் என்றான்.

வருஷம் முடிந்தது.
கோலாலம்பூரிலிருந்து ஒருவன் வந்து
கார் பானெட்டில் விரித்துப் போட்டு
விரலால் படித்தான்.
கம்பு. கைப்பேசி. குந்தியது. சரியாகத்தான் படித்தான்.
நாற்றத்தைக்கூட முகர்ந்து "அசல்" என்றான்.
பிறகு இடத்தொடையில் நின்றது விரல்.
உள்ளங்கை அகலம், மற்ற இடத்தைவிட வெளுப்பு.
"இது என்ன வேலை?"

தெரியாது என்றேன்.
நான் பூட்ஸ் கழற்றுமுன்
ஓடிவந்து ஏறி உட்கார்ந்துகொள்வாள் தர்ஷினி.
ஏழாம் வாய்ப்பாடு.
ஏழெட்டில் திக்கினால் பின்னால் நகர்வாள்,
ஏழொன்பதில் முன்னால்.
ஒரு வருஷமாகத் திக்கினாள்.

ஆயிரத்து எண்ணூறு கைமாறியது.
கடைசி நூற்றைம்பது எனக்கு வந்தது.
ஹாபிஸ் இன்னொன்றைக் கொண்டுவந்து
தரையில் வைத்தான். நின்றது.

இருநூறு வேண்டும் என்றேன்.
சரி என்றான்.
இடத்தொடை இதில் சேராது என்றேன்.
சிரித்தான்,
என் மலாய் தப்பாக வந்துவிட்டதென்று நினைத்து.