அப்படியொரு மாதம் இல்லை

ஆடி கழியட்டும் என்றேன்,
இந்தக் காற்றில் தாள் நிற்காது.
சித்திரை வந்தது.
ஊரே தெருவில் நிற்கையில்
எவன் மேசையில் உட்காருவான்?
ஆவணியில் முகூர்த்தம் மேல் முகூர்த்தம்,
நாலு பத்திரிகை, நாலு பந்தி.
மாசியில் குலசாமிக்குப் பெட்டி எடுக்கப் போகணும்.

தள்ளிப்போடுகிறவனுக்கு இந்த ஊரில்
மாதத்துக்கொரு சாக்கு,
சாக்குக்கொரு வீதி.
ஒன்றைச் சுற்றி ஒன்றாக
உள்ளேயிருந்து வெளியே நடந்துகொண்டிருந்தேன்
போன் வெளிச்சத்தைக் கையில் பிடித்தபடி.

மாசி வீதிக்கு அப்பால் வெளி வீதி.
அப்படியொரு மாதம் இல்லை.

கேட்டது பாக்கியத்தாய்.
கீரைத்துறை. ஐப்பசி மழைக்குக்
கட்டிலடியில் செருப்பு மிதக்கும் வீடு.
"இம்புட்டுத் தண்ணியும் எங்கிட்டு இருந்து சார் வருது?
நீங்கதான் பிளான் போடுற ஆளாச்சே,
ஒரு காயிதத்துல போட்டுக் குடுங்க.
கலெக்டர் ஆபீசுல காட்டணும்."

கிருதுமால் எங்கெங்கே மூடிக் கிடக்கிறது,
எந்தச் சாக்கடை எங்கே வந்து விழுகிறது,
காலடி எண்ணி நடந்து
ஒரு நோட்டு முழுக்கக் குறித்தாயிற்று.
வரைவதுதான் பாக்கி.
அதற்குள் இரண்டு ஐப்பசி வந்துபோயின.

போனில் யாரோ
துருப்பிடித்த கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.
பன்னிரண்டு நிமிடம். முழுக்கப் பார்த்தேன்.
பத்தாம் வகுப்பு 'சி' பிரிவு குரூப்பில்
யாருக்கோ பிறந்தநாள்.
யாரென்று தெரியாமலே கேக் அனுப்பினேன்.

நேற்று, எல்லீஸ் நகரில்,
ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் போனை வைத்துப் பூட்டிவிட்டு
மூன்று மாடி ஏறினேன்.
இறங்கினேன்.
மணி பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.
மணிக்கட்டில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.
இரண்டாம் தடவை பாதிப் படியில் முட்டி வலித்தது.
ஞானமெல்லாம் ஒன்றுமில்லை,
முட்டி வலித்தது,
திரும்பி ஏறி உட்கார்ந்தேன்.

முதல் அரைமணி நேரம் பென்சில் சீவினேன்.
பிறகு பொன்மேனியில் ஒரு புள்ளி.
புள்ளியிலிருந்து விரலளவு கோடு.
கோடு வளைகிற இடத்தில்
கட்டைவிரல் பழக்கதோஷத்தில்
தாளை மேலே தள்ளியது.
தாள் நகர்ந்தது.
அடியில் புதிதாக ஒன்றும் வரவில்லை,
மேசைதான்.

விளக்குப் போடும் நேரம்
கோடு கீரைத்துறைக்கு வந்து சேர்ந்திருந்தது.
அங்கே சின்னதாய் ஒரு கட்டம் போட்டேன்,
கட்டில் மாதிரி.
மீதி ஆறு சிந்தாமணிப் பக்கம்
இன்னும் தாளில் இல்லாமல் ஓடுகிறது.
நாளைக்கு, என்று வாய் வந்தது.
ரப்பரைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு
இன்னொரு தாளை ஓரத்தில் ஒட்டினேன்.