பேசாத கட்டை

நெல்லித்தோப்பில் மிக்ஸிக்குக் காயில் கட்டும் கை என்னுடையது.
மூன்று மணி வெயிலில் ஆட்டோவில் வந்திறங்கியது
ஜெர்மன்காரர்களின் சிந்தசைசர்.
பெட்டிக்குள் நாலு நாள் கடற்காற்று.
இடக்கோடியில் ஒரு கட்டையை
அழுத்தி, உதட்டைப் பிதுக்கினார் யூர்கன்.
எனக்கு அந்த மொழி போதும்.

திறந்தால் பச்சைப் பலகை.
ஒரே ஒரு காலடியில் உப்புப் பூத்திருந்தது.
சுரண்டி, தின்னர் தடவி
ஈயம் வைத்தேன்,
குருணை அளவு.
முந்நூறு கேட்டேன். கூடவே
இரண்டு டிக்கெட்டும் வைத்துவிட்டுப் போனார்.

ராத்திரி கடற்கரையோர மண்டபம்.
ஹைகே என்கிற அந்த நெட்டைப் பெண்
சாக்ஸபோனைத் தூக்கியதும்
தேங்காய்த்திட்டில் விசைப்படகு கிளம்புகிற மாதிரி
முதலில் ஒரு இருமல்,
அப்புறம் தண்ணீர் பிளந்தது.
ரஞ்சிதமேரி கண்ணை மூடிக்கொண்டாள்.
நான் யூர்கனின் இடது கையையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி போல
பக்கத்து வீடுவரை வருகிறது,
என் வாசல் மிதிக்காமல் திரும்புகிறது.
ஐந்து உருப்படி முடிந்தது.
எல்லாரும் கைதட்ட
எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

ஆறாவதில்
டிரம்ஸ் நின்று
ஹைகே மூச்செடுக்கப் போன இடத்தில்
அழுத்தினார்.

நாற்காலிக் கால் வழியாக ஏறி
விலா எலும்பில் கேட்டது.
விரலை எடுக்கவேயில்லை மனுஷன்.
போனவள் திரும்பி வந்து
அதன்மேல் வெறுங்காலோடு நடந்தாள்,
சாக்ஸபோனும் கையுமாக.

"அது என் ஈயம்" என்றேன்
ரஞ்சிதமேரியின் காதில்.

"உஷ்" என்றாள்.