அவனுக்குக் குளிரவில்லை

கிதினியா நகர நீதிமன்றம், இரண்டாம் மாடி.
வெந்நீர்க் குழாய் முனகுகிற அறையில்
நான் தட்டச்சு செய்கிறவள்.
வாயிலிருந்து வருவது மட்டுமே என் கணக்கு.
அழுகைக்கு விசைப்பலகையில் எழுத்து கிடையாது;
"சாட்சி சற்று நிறுத்தினார்" என்று போடுவோம்.

குற்றம் சாட்டப்பட்டவர் செவெரின் ஓகொன்,
வயது ஐம்பத்தாறு.
பல்செட் செய்யும் கூடத்தில் இருபது வருட வேலை.
பிறகு இறந்தவர்களோடு பேசத் தொடங்கினார்,
முன்பதிவு அவசியம்.

முதலில் அந்த முட்டை.
காவல் அதிகாரி மேசைமேல் ஒன்றை உடைத்துக் காட்டினார்:
மஞ்சள் கருவுக்குள் கறுத்த மயிர்ச்சுருள்.
ஓட்டில் ஊசித்துளை,
துளையை அடைத்த மெழுகு, பல் அச்செடுக்கும் அதே மெழுகு.
நல்ல கைவேலை என்று எனக்குத் தோன்றியது.
தோன்றுவதை நான் பதிவதில்லை.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
நாள் முழுக்க அறையில் முட்டை வாடை.

தனூதா கிரெஃப்ட். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவள்.
மகன் ஓலெக். மீன்பிடிப் படகு. பிப்ரவரி.
படகு கிடைத்தது.

நான்கு தவணை.
கட்டு அவிழ்க்க ஒன்று, வழி திறக்க ஒன்று,
கடல் பிடித்துவைத்த ஆவியை மீட்க ஒன்று.
நான்காவது எதற்கென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.
மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து நானூறு ஸ்வாட்டி,
பாதிக்கு மேல் கடன்.

"என் கட்சிக்காரர் உண்மையாகவே கேட்டார்,"
வழக்கறிஞர் எழுந்தார்,
"தானே நம்புகிறவன் எப்படி ஏமாற்றுக்காரன் ஆவான்?"
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஆவி உண்டா இல்லையா என்று
இந்த மன்றம் விசாரிக்கவில்லை.
பணத்தை எண்ணி வாங்கும்போது
அவர் மனதில் என்ன இருந்தது, அது போதும் எங்களுக்கு."
அடித்தேன்.
அருள்வாக்கு வாக்குமூலமாக இறங்கி வருகிற இடம் இது.
நகல் வேண்டுமென்றால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம்.

பிறகு தனூதா, ஒன்று கேட்கலாமா என்றாள்.
நீதிபதியைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து.
"மூன்றாம் தவணை அன்று அவன் குரலில் சொன்னீர்களே,
அம்மா, இங்கே எனக்குக் குளிரவில்லை என்று.
அதுவும் இந்த வழக்கில் சேர்த்தியா?"

அரசு வழக்கறிஞர் தாள்களைப் புரட்டினார்.
தொகைகள் இருந்தன, தேதிகள் இருந்தன.
அந்த வரி இல்லை.

ஓகொனின் சட்டைக் கையைத் தொட்டு
ஏதோ காதில் சொன்னார் அவர் வழக்கறிஞர்.
நிஜம் என்றிருந்தால் அது அவருக்குத் தப்பும் வழி.
பொய் என்றிருந்தால் கையும் களவும்தான்.
இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும்
அவள் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பாள்.
அவர் யோசித்தார். நடிப்பில்லாமல் யோசித்தார்,
சாவி எந்தப் பையில் என்று தேடுகிறவரைப் போல.

"எனக்கு நினைவில்லை, அம்மணி.
எல்லோருக்கும் ஏதாவது சொல்வேன்."

வழக்கறிஞர் கோப்பை மூடிவிட்டார்.

சாட்சி சற்று நிறுத்தினார்.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது.
இரண்டு வருடம்; பணத்தைத் திருப்பித் தர வேண்டும்,
தவணையில்.
மறுபடி தவணை என்றதும் தனூதா லேசாகச் சிரித்தாள்.
மேலங்கியின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு
படியிறங்கிப் போனாள். அன்று அப்படியொன்றும் குளிரில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் நாள் மாலையை.
"அந்தக் கேள்வி குற்றச்சாட்டைச் சேர்ந்ததல்ல,
பதிவில் வேண்டாம்" என்றிருந்தார் நீதிபதி.
எல்லோரும் போன பின் நீக்க உட்கார்ந்தேன்.
அழிக்கும் விசை பின்னாலிருந்துதான் தின்னும்:
குளிரவில்லை போயிற்று,
எனக்கு போயிற்று, இங்கே போயிற்று.
அம்மா மட்டும்
கொஞ்ச நேரம் திரையில் நின்றது.
வெந்நீர்க் குழாயை அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.
அறை குளிர ஆரம்பித்திருந்தது.